தனியாளுக்கு உதவாத பழம்

ஹியர்ஃபோர்ட்ஷயருக்கு என்னை இழுத்தது ஒரு புத்தகம். இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில், வேல்ஸ் எல்லையை ஒட்டிக் கிடக்கும் மாவட்டம் அது. மக்கள்தொகை இரண்டு லட்சத்துக்கும் குறைவு. செம்மண், குன்றுகள், தோப்புகள், வை ஆறு. மாவட்டத் தலைநகரான ஹியர்ஃபோர்டில் சைடர் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. 'ஹியர்ஃபோர்ட்ஷயர் பொமோனா'வை அங்கேதான் பார்த்தேன். 1876-இல் தொடங்கி 1885 வரை பகுதி பகுதியாக வெளிவந்த நூல். ஆப்பிளும் பேரிக்காயுமாக 77 வண்ணப் பக்கங்கள். வரைந்தவர்கள் ஆலிஸ் எல்லிஸ், ஈடித் புல் என்ற இரண்டு பெண்கள். முழுப் பழம் ஒரு பக்கம், நெடுக்கே பிளந்த பழம் இன்னொரு பக்கம். விதையறையின் வடிவமும் காம்பு உட்கார்ந்திருக்கும் குழியின் ஆழமும் வரை விடாமல் தீட்டியிருக்கிறார்கள். பழம் எது என்று அடையாளம் காண்பதற்கு அந்தக் குழியும் அந்த அறையும்தான் சாட்சி என்பதை பின்னால் ஒரு கிராமத்து மேசையருகே நின்றபோது புரிந்துகொண்டேன்.

இந்த நூலை ஒரு பதிப்பகம் திட்டமிட்டுக் கொண்டுவரவில்லை. உல்ஹோப் இயற்கை ஆர்வலர் கழகம் என்ற உள்ளூர்ச் சங்கம் கொண்டுவந்தது. 1851-இல் தொடங்கிய சங்கம். டாக்டர்கள், பாதிரியார்கள், நிலக்கிழார்கள் சேர்ந்து ஊர் ஊராக நடந்து செடியும் கல்லும் காளானும் பார்த்துவந்தார்கள். 1870-களில் தோப்புகள் கவனிப்பாரற்றுக் கிடப்பதைக் கண்டு, சங்கத்தைச் சேர்ந்த டாக்டர் ஹென்றி கிரேவ்ஸ் புல் இந்த வேலையைக் கையில் எடுத்தார். பழவியல் அறிஞர் ராபர்ட் ஹாக் துணைக்கு வந்தார். இலையுதிர்காலத்தில் கண்காட்சி வைத்து, விவசாயிகளைத் தங்கள் தோப்புப் பழங்களோடு வரச்சொல்லிப் பெயர் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். ஏறத்தாழ நூற்றைம்பது வருடம் கழித்து அதே மாவட்டத்தில், அதே பருவத்தில், அதே வேலை இன்னும் நடக்கிறது. அதைப் பார்க்கத்தான் அங்கிருந்து கிளம்பினேன்.

ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்தால் சைடர். பேரிக்காய்ச் சாற்றைப் புளிக்கவைத்தால் பெரி. நம் ஊர்க் கடையில் மெழுகு பூசி அடுக்கியிருக்கும் ஆப்பிளை நினைத்துக்கொண்டு இந்த ஊர்ப் பழத்தைக் கடித்துவிடக் கூடாது. சைடருக்கான ஆப்பிளில் பாதி கசக்கும், மீதி புளிக்கும். பெரிக்கான பேரிக்காய் அதைவிட மோசம். அங்கே ஒரு மரத்தடியில் கிடந்ததை எடுத்துக் கடித்தேன். கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிய காய். முதல் நொடி இனிப்பு. அடுத்த நொடி நாக்கும் ஈறும் கன்னத்தின் உட்புறமும் ஒன்றாக வற்றி இழுத்துக்கொண்டன. துப்பிய பிறகும் வெகுநேரம் அந்தத் துவர்ப்பு போகவில்லை. பன்றிகூடத் தொடாத காய் உண்டு என்று அங்கே சொல்கிறார்கள்.

இப்படிப்பட்ட மரத்தை ஏன் தலைமுறை தலைமுறையாக நட்டார்கள்? இந்தக் கேள்விதான் பயணம் முழுக்க என்னோடு வந்தது. ஒருவன் பசிக்குப் பறித்துத் தின்ன உதவாத பழம் இது. வண்டியில் கொட்டி எடுத்துப்போய் அரைக்க வேண்டும், இரவு ஊறவைக்க வேண்டும், பிழிய வேண்டும், பீப்பாயில் குளிர்காலம் முழுக்க வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். செக்கு வேண்டும், அதை இழுக்கக் குதிரை வேண்டும், பொறுக்க ஆள் வேண்டும், குடிக்கக் கூட்டம் வேண்டும். ஊர் கூடினால்தான் இது பழம். ஊர் கூடுவது நின்றுபோனால் மரத்தை வெட்டக் கோடாரியே தேவையில்லை. யாருக்கும் வேண்டாததாகி அது தானாகப் போய்விடும்.

ஹியர்ஃபோர்டு நகர நடுவில் வெண்கலத்தில் ஒரு காளை நிற்கிறது. சிவந்த உடல், வெள்ளை முகம் கொண்ட ஹியர்ஃபோர்டு மாட்டினம் இங்கிருந்துதான் உலகெங்கும் போனது. 1846-இலேயே அதற்கு வம்சாவளிப் பதிவேடு தொடங்கிவிட்டார்கள். நூற்றாண்டுகளாக நகருக்குள் கூடிய கால்நடைச் சந்தை 2011-இல் ஊருக்கு வெளியே போனது. பழைய சந்தைத் திடலில் இப்போது வணிக வளாகம். மாடு ஓட்டிவந்த விவசாயி அப்படியே வங்கிக்கும் இரும்புக்கடைக்கும் பார்பருக்கும் போய்விட்டுத் திரும்பிய காலம் அதோடு முடிந்தது என்று ஒரு பெரியவர் வருத்தப்பட்டார். சந்தை என்பது விற்கும் இடம் மட்டுமல்ல என்று தெரிந்தவரின் வருத்தம் அது.

தென்கிழக்கே போனால் மோர்டிஃபோர்டு. லக் ஆறு வந்து வை ஆற்றில் சேரும் இடம். எதிர்க்கரைப் பக்கம் ஹோம் லேசி. 17-ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த ஸ்கூடமோர் பிரபு பிரான்சில் தூதராக இருந்தவர். ஊர் திரும்பி 'ரெட்ஸ்ட்ரீக்' என்ற ஆப்பிளை வளர்த்துப் பரப்பினார். பிரெஞ்சுத் திராட்சை மதுவுக்கு நிகராக அந்தச் சைடரைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றிப் பரிமாறினார்கள். அதே ஊரில் ஒரு பேரி மரம் இருந்தது. கிளைகள் வளைந்து மண்ணைத் தொட்ட இடத்திலெல்லாம் வேர்விட்டு, 1790-இல் முக்கால் ஏக்கரை மூடி நின்றது. அந்த ஒற்றை மரம் ஆண்டுக்கு 5 முதல் 7 டன் வரை காய்த்ததாகப் பதிவு இருக்கிறது.

சைடர் இந்த மண்ணின் அரசியலாகவும் இருந்திருக்கிறது. 1763-இல் லண்டன் அரசு சைடருக்கு வரி போட்டது. போர்க்கடனை அடைக்க வந்த வரி. வரியைவிட மக்களைக் கொதிக்கவைத்தது வேறொன்று: வரி அதிகாரி யார் வீட்டுக்குள்ளும் புகுந்து பீப்பாயை அளக்கலாம் என்ற விதி. தன் தோப்பில் விளைந்ததைத் தன் வீட்டில் குடிக்கிறவனுக்கும் இது பொருந்தும். சைடர் மாவட்டங்கள் முழுக்கக் கலவரம். மூன்றே வருடத்தில், 1766-இல், வரியை எடுத்துவிட்டார்கள். இந்த வெற்றியை ஊரில் பெருமையோடு சொல்கிறார்கள். சொல்லத் தயங்கும் இன்னொரு கதையும் உண்டு. பண்ணையாட்களுக்குக் கூலியில் ஒரு பகுதியைச் சைடராகவே அளந்தார்கள். ஆள் ஒவ்வொருவனும் சிறிய மரக்குடுவையோடு வயலுக்குப் போவான். நல்ல சைடர் வைத்திருக்கும் பண்ணைக்கு நல்ல ஆள் கிடைப்பான். வீட்டுக்குப் போக வேண்டிய காசு வயிற்றுக்குள் போயிற்று. குடும்பப் பெண்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று எந்தப் பொமோனாவும் வரைந்து வைக்கவில்லை. 1887-இல் வந்த சட்டம்தான் கூலியை மதுவாகக் கொடுப்பதைத் தடைசெய்தது. பழைய தோப்புகளைப் போற்றும்போது இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மோர்டிஃபோர்டில் நின்று வை ஆற்றைப் பார்த்தேன். வேல்ஸ் மலையில் பிறந்து சுமார் 250 கிலோமீட்டர் ஓடும் நதி. அழகுக்குப் பெயர்போனது. இன்று அது நோயாளி. அதன் வடிநிலத்தில் வளரும் கோழிகள் இரண்டு கோடிக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். மலிவான கறிக்காக நீள நீளக் கொட்டகைகளில் அடைத்து வளர்க்கப்படுபவை. கோழி எரு வயலுக்குப் போகிறது. மண் ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு மேல் போன பாஸ்பேட் மழையோடு ஆற்றில் இறங்குகிறது. கோடையில் பாசி படர்ந்து நீர் பச்சைக் கஞ்சியாகிறது. வெளிச்சம் உள்ளே போகாமல், வெள்ளைப் பூவோடு நீரோட்டத்தில் மிதந்தாடிய நீர்ச்செடிகள் பெருமளவு அழிந்துவிட்டன. மீன் குஞ்சுகளுக்கு ஒளிய இடமில்லை. 2023-இல் அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பே இந்த ஆற்றின் நிலை சரிந்துகொண்டிருக்கிறது என்று அறிவித்தது.

அந்தச் சரிவை முதலில் அளந்து சொன்னவர்களில் ஊர்க்காரர்கள் இருந்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய செய்தி. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தூண்டில்காரர்கள், படகோட்டிகள் என நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் இந்த ஆற்றிலும் அதன் கிளைகளிலும் குறித்த இடங்களில் நீர் மொண்டு பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் கலங்கலும் பார்த்து எழுதி வைக்கிறார்கள். சிறிய பெட்டிக்குள் அடங்கும் கருவி, ஒரு குடுவை, ஒரு குறிப்பேடு. கரையில் ஒரு அம்மையாரைப் பார்த்தேன். குடுவையை ஆற்று நீராலேயே மூன்று முறை அலசிவிட்டுத்தான் மாதிரி எடுத்தார். நேற்று மழை பெய்ததா என்பதையும் மறக்காமல் எழுதினார். "மழைக்கு மறுநாள் எண்ணைத்தான் நம்புவேன், ஆறு அன்றைக்குத்தான் உண்மை பேசும்" என்றார்.

குன்றேறி உல்ஹோப் வழியாக மார்க்கிள் மேட்டை அடைந்தால் இருபுறமும் தோப்புகள். மர உச்சிகளில் பச்சைப் பந்துகளாகப் புல்லுருவி. ஆப்பிள் மரத்தில் அது செழித்து வளரும் மாவட்டம் இது. மரத்தின் சத்தை உறிஞ்சுவதைத்தான் கிறிஸ்துமஸுக்கு வாசலில் கட்டுகிறார்கள். தோப்புக்காரர் அதை வெட்டி விற்றால் மரமும் பிழைக்கும், கைக்கும் நாலு காசு வரும். பழைய மரங்களின் உளுத்த வயிற்றுக்குள் பச்சை உலோகமாக மின்னும் ஒரு அரிய வண்டு வாழ்கிறது. உளுத்த கட்டை இல்லாத இளந்தோப்பில் அதற்கு வேலை இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1900-க்குப் பின் பழைய முறைத் தோப்புகளில் ஐந்தில் நான்கு பங்கு போய்விட்டது. கோதுமை வந்தது, வீடுகள் வந்தன, கம்பி கட்டி நெருக்கமாக வளர்க்கும் குட்டை மரத் தோப்புகள் வந்தன. பெரிய ஆலைகளோடு போட்ட ஒப்பந்தம் முடிந்ததும் அந்தப் புதுத் தோப்புகளையும் வேரோடு பிடுங்கிக் குவிக்கிறார்கள்.

மச் மார்க்கிள் கிராமத்துத் தேவாலய வளாகத்தில் ஒரு யூ மரம். வயது 1,500 வருடம் என்கிறார்கள். நடுமரம் கூடாகி, உள்ளே பெஞ்சு போட்டிருக்கிறார்கள். நாலைந்து பேர் தாராளமாக உட்காரலாம். அந்த ஊரில்தான் ஹென்றி வெஸ்டன் 1880-இல் தன் பண்ணையில் சைடர் ஆலை தொடங்கினார். ஆலை இன்னும் அங்கேயே இயங்குகிறது. சுற்றுவட்டாரத் தோப்புக்காரர்களுக்குப் பழம் இறக்க ஓர் இடம் இருக்கிறது. திருவிழா எவ்வளவு அழகாக இருந்தாலும், லாரி நிறையப் பழத்தை எடை போட்டுப் பணம் கொடுக்க ஒருவர் இல்லாவிட்டால் தோப்பு நிற்காது. இதை அங்கே சந்தித்த எல்லா விவசாயிகளும் ஒரே குரலில் சொன்னார்கள்.

ஆலைக்குப் பக்கத்தில் ஹெல்லன்ஸ் என்ற பழைய மாளிகை. ஆன் அரசியைச் சிறப்பிக்க 1710-இல் நட்ட பேரி மரச் சாலை அங்கே இருக்கிறது. அன்று நட்ட மரங்களில் சில இன்றும் காய்க்கின்றன. தேவாலயக் கோபுரம்போல ஓங்கி வளர்ந்து, பட்டை சதுரம் சதுரமாக வெடித்து, உச்சியில் காய் கொண்டு நிற்கும் முந்நூறு வயது மரத்தடியில் நின்றேன். நட்டவன் இதன் முழு விளைச்சலைப் பார்த்திருக்க மாட்டான். பேரனுக்கு வேண்டும் என்றால் பேரி நடு என்பது அந்த ஊர் வழக்கு. தெற்கே தெரியும் மே குன்று கண்ணுக்குப் படும் இடத்தில்தான் நல்ல பெரி விளையும் என்றும் நம்புகிறார்கள்.

மார்க்கிள் மேட்டைச் சுற்றியுள்ள சிற்றூர்கள் 1980-களின் இறுதியில் சேர்ந்து 'பிக் ஆப்பிள்' என்ற விழாவைத் தொடங்கின. வசந்தத்தில் பூ விழா, அக்டோபரில் அறுவடை விழா. பொதுநல அமைப்பான காமன் கிரவுண்ட் 1990 அக்டோபர் 21-இல் லண்டன் கோவென்ட் கார்டனில் முதல் 'ஆப்பிள் நாள்' நடத்தி, அது நாடெங்கும் பரவுவதற்கும் முன்னால் எடுத்த முயற்சி. வெளியிலிருந்து விழா நிறுவனம் எதுவும் வரவில்லை. மேசை போடுவதும் தேநீர் ஊற்றுவதும் வண்டி நிறுத்த வழிகாட்டுவதும் ஊர்க்காரர்களே.

அறுவடை விழாவில் என்னை நகரவிடாமல் பிடித்துக்கொண்டது நீண்ட மேசை. காகிதத் தட்டுகளில் வகைக்கு மூன்று நான்கு பழம், கீழே கையால் எழுதிய பெயர். ஃபாக்ஸ்வெல்ப், பிரவுன் ஸ்னவுட், ஸ்ட்ராபெரி நார்மன். பேரியில் பார்லண்ட், பிளேக்னி ரெட், ஹஃப்கேப், ஓல்ட்ஃபீல்டு, மூர்கிராஃப்ட். 'டென் கமாண்ட்மெண்ட்ஸ்' என்ற சிறிய சிவப்பு ஆப்பிளைக் குறுக்கே வெட்டிக் காட்டினார்கள். வெள்ளைச் சதையில், விதையறையைச் சுற்றி வட்டமாகப் பத்துச் சிவப்புப் புள்ளிகள். பத்துக் கட்டளைகள்.

மேசையின் மறுகோடியில் பெயர் சொல்பவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வேல்ஸ் எல்லைப்புறத்தில் தொலைந்துபோன ஆப்பிள் வகைகளைத் தேடுவதற்காகவே 1993-இல் 'மார்ச்சர் ஆப்பிள் நெட்வொர்க்' தோன்றியது. அதைப் போன்ற அமைப்புகளின் தன்னார்வலர்கள் இல்லாமல் எந்த ஆப்பிள் நாளும் நடப்பதில்லை. வரிசையில் ஓர் இளம் தம்பதி. வாங்கிய வீட்டின் பின்னால் ஒரு கிழமரம், என்னவென்று தெரியவில்லை என்று பையிலிருந்து ஐந்து காய்களை எடுத்து வைத்தார்கள். மேசையில் இருந்த பெரியவர் முதலில் காம்புக் குழியை விரலால் தடவினார். பிறகு அடிப்பக்கத்துக் கண்ணைப் பார்த்தார், மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று. முகர்ந்தார். கத்தியால் நெடுக்கே பிளந்து விதையின் நிறம் பார்த்தார். கடைசியாகத்தான் ஒரு சீவல் வாயில் போட்டார். "இது சமையலுக்கு. ஜனவரி வரை வைக்கலாம். மரத்தில் எந்தப் பக்கம் பறித்தீர்கள்?" என்று கேட்டார். அவர்களுக்குத் தெரியவில்லை. அடுத்த வருடம் வெயில் பக்கத்துக் காய் கொண்டுவரச் சொல்லி அனுப்பினார். பெயரை அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கண்டிப்பு.

வெளியே கல்செக்கு. வட்டமான கல் தொட்டி, அதற்குள் செங்குத்தாக உருளும் கல் சக்கரம், நுகத்தில் கட்டிய குதிரை. தொட்டியில் கொட்டிய பேரிக்காய் முதலில் நறநறவென்று உடைந்தது, பிறகு சத்தம் அடங்கிக் கூழானது. பேரிக்கூழை உடனே பிழிவதில்லை. ஓர் இரவு வைத்தால் துவர்ப்பில் ஒரு பங்கு அடங்கும். ஆகவே முந்தின நாள் அரைத்த கூழ் பிழியத் தயாராக இருந்தது. நார்த்துணியை விரித்து, கூழைக் கொட்டிப் பரப்பி, நான்கு மூலையையும் மடித்து, அதன்மேல் அடுத்த துணி. இப்படி ஏழெட்டு அடுக்கு ஏறியதும் திருகைச் சுற்றுவதற்கு முன்பே, தன் கனத்திலேயே சாறு கசியத் தொடங்கியது. தேன் நிறம். சிறுவர்கள் குவளையோடு முண்டியடித்தார்கள். குளவிகளும்தான். பிழிந்த சக்கை பக்கத்துப் பண்ணை மாடுகளுக்குப் போயிற்று.

பக்கத்துப் புட்லி ஊர் மண்டபத்தில் பூ விழாவின்போது சைடர், பெரி போட்டி நடக்கும். வெளியூர் நிபுணர்கள் மட்டும் வந்து மதிப்பெண் போடுவதில்லை, தயாரிக்கிறவர்களே ஒருவர் சரக்கை ஒருவர் சுவைத்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். எனக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்தது. ஒரே வட்டாரத்தில் பக்கத்துப் பக்கத்துத் தோப்புக்காரர்கள் ஒளிவுமறைவில்லாமல் பேசிக்கொள்ள இப்படி ஒரு நாள் வேண்டும். பெரி தயாரிப்பது கடினம், இரண்டு வகையைக் கலந்தால் சில சமயம் திரிந்து கலங்கிவிடும். எதை எதோடு சேர்க்கக் கூடாது என்பது புத்தகத்தில் கொஞ்சம், பக்கத்து வீட்டுக்காரரிடம் மிச்சம். நான் சுவைத்த ஒரு குவளையில் இனிப்பு மெலிதாகத் தங்கியிருந்தது. ஈஸ்ட் தின்னாமல் விட்டுவிடும் ஒரு வகைச் சர்க்கரை பேரிக்காயில் உண்டு, அதன் மிச்சம் அது. நாக்கை இழுத்துப் பிடித்த அந்தத் துவர்ப்பு, மெல்லிய பிடிமானமாக மட்டும் அடியில் இருந்தது.

ஜனவரியில் வந்திருக்க வேண்டும் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். கிறிஸ்துமஸுக்குப் பின் பன்னிரண்டாம் இரவில் தோப்புக்குப் போய், மரத்தின் வேரில் சைடர் ஊற்றி, சைடரில் நனைத்த ரொட்டியைக் கிளையில் செருகி, பாடி, கூச்சலிட்டு, நல்ல காய்ப்புக்கு வாழ்த்துவார்கள். கோதுமை வயலில் பதின்மூன்று தீ மூட்டும் வழக்கமும் இங்கே உண்டு. 18-ஆம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று அன்றிரவு தொழுவத்தில் நடந்ததைச் சொல்கிறது: எருதுகளின் பெயர் சொல்லி வாழ்த்திக் குடித்துவிட்டு, நடுவில் துளையிட்ட கேக்கை முதல் எருதின் கொம்பில் மாட்டுவார்கள். அதே ஜனவரியில் நம் தொழுவங்களில் கொம்புக்கு வண்ணம் பூசி, மாட்டுக்குப் பொங்கல் ஊட்டுவோம். உழைத்த மாட்டுக்கு முதல் மரியாதை என்பதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

லெட்பரியில் மரத்தூண்கள் மேல் நிற்கும் 17-ஆம் நூற்றாண்டுச் சந்தை மண்டபத்தின் கீழே இன்றும் கடை போடுகிறார்கள். அங்கிருந்து வடமேற்கே கேனன் ஃப்ரோம். ஒரு பெரிய மாளிகையையும் அதைச் சேர்ந்த நிலத்தையும் 1970-களின் இறுதியிலிருந்து பல குடும்பங்கள் கூட்டாக வைத்து, இயற்கை முறையில் பயிர் செய்து உண்கின்றன. பால் கறப்பதற்கும் களை எடுப்பதற்கும் முறை வைத்திருக்கிறார்கள். கூட்டு வாழ்க்கையில் வேலையைவிடக் கூட்டம் போட்டுப் பேசுவதுதான் அதிகக் களைப்பு என்பதை அப்படி வாழ்பவர்கள் யாரும் மறைப்பதில்லை. ஆனாலும் நாற்பது வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்திருக்கிறது. அந்த வழியெங்கும் ஸ்ட்ராபெரி வளர்க்கும் நெகிழித்தாள் கூடாரங்கள். அந்தக் காலத்தில் பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பறிக்க பர்மிங்காம் பக்கத்துத் தொழிற்பேட்டைகளிலிருந்தும் தெற்கு வேல்ஸிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பிறகு கிழக்கு ஐரோப்பியர்கள், இப்போது மத்திய ஆசியாவிலிருந்தும் வருகிறார்கள். பறிக்கும் கைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. விழா மேசைகளில் அந்தக் கைகளை நான் பார்க்கவில்லை. உள்ளூர் உணவு என்று பேசும்போது அவர்களையும் ஊராகச் சேர்க்க வேண்டும்.

மால்வெர்ன் குன்றுகளின் மேற்குச் சரிவில் கோல்வால். அங்கே கிராமத் தோப்புக் குழு ஒன்று குளிர்காலத்தில் கவாத்துப் பயிற்சியும் இலையுதிர்காலத்தில் ஆப்பிள் நாளும் நடத்துகிறது. கன்று விற்கும் மேசையில், எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் இரண்டு பேரி ஒட்டுக்கன்று வாங்கினார். நல்ல காய்ப்புக்குப் பதினைந்து இருபது வருடம் ஆகும் என்று விற்பவர் எச்சரித்தார். "தெரியும், இடைவெளி எவ்வளவு?" என்று மட்டும் அவர் கேட்டார். நாற்பது அடி, சாலையை விட்டுத் தள்ளி நடுங்கள், காய் உதிர்ந்தால் வண்டி வழுக்கும் என்றார் விற்பவர். பென்சிலால் வகைப் பெயரை எழுதிக் கன்றில் கட்டினார். இந்தச் சீட்டு இரண்டு குளிர்காலம் தாங்காது, ஆகவே எந்த மரம் எங்கே என்று தோப்புக்கு ஒரு வரைபடம் போட்டு, ஒரு பிரதியைக் குழுவிடம் கொடுத்துவிடுங்கள் என்றார். பெரியவர் தாள் கேட்டு வாங்கி, அங்கேயே மேசை ஓரத்தில் தன் தோப்பின் வேலியை வரையத் தொடங்கினார்.